காப்புக் கட்டியவர் எல்லை தாண்டக் கூடாது

மாமாவின் கையைப் பிடித்ததும் எனக்குத் திக்கென்றது. கை சில்லிட்டுக் கிடந்தது. நெற்றி, கழுத்து, முதுகு என்று வேர்த்து ஊற்றுகிறது. தூறலும் பனியுமாக, நாங்கள் எல்லாம் ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருந்த பின்னேரம் அது.

தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் தப்பு மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. மாமா வேப்பிலைக் கொத்தோடு ஆடிக்கொண்டிருந்தார். நாக்குக் குழறியது. கண் எங்கேயோ செருகிப் போயிருந்தது. சுற்றி நின்ற சனம் கைகூப்பி, "தாயே, தாயே" என்று உருகியது.

பக்கத்து லயத்து வரிசை வீட்டு அக்கா ஒருத்தி சவூதிக்கு வேலைக்குப் போன மகளைப் பற்றிக் கேட்டு அழுதார். மாமா ஏதோ முனகினார். "வந்துருவாளாம்! ஆத்தா சொல்லிட்டா!" என்று அந்த அக்காவே அர்த்தம் பண்ணிக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுதார்.

நான் மட்டும் கும்பிடவில்லை. இது சாமி இல்லை, உடம்பில் சீனி இறங்குகிறது என்று மனசு அடித்துக்கொண்டது. அந்தக் கூட்டத்தின் நடுவே நின்று அதை யாரிடம் போய்ச் சொல்ல?

எங்கள் வீட்டுக் கதை

போன வாரம் இந்தப் பத்தியில் முழங்கால் வலியைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு வட்டகொடையிலிருந்து ஒரு வாசகி கோபமாகக் கேட்டிருந்தார். "ஊரான் வீட்டுக் கிழடுகளப் பத்தித்தான் எழுதுவீங்களா? ஒங்க வீட்ல வயசானவங்களே இல்லையா?" என்று. நியாயமான கேள்வி. இருக்கிறார்கள் அம்மா. இதோ எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கொழும்பில் ஒரு முதியோர் இல்லத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புண்ணுக்கு மருந்து போடுவது, திட்டு வாங்குவது எல்லாம் என் வேலை. அதை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கே வந்து, இப்போது கொட்டகலைப் பக்கம் வீடு வீடாகப் போய் வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிறேன்.

மாமா என்றால் என் புருஷன் செல்வத்தின் அப்பா, ராமையா. எழுபதைத் தாண்டியவர். கவ்வாத்துக் கத்தியோடு மலை மலையாகத் தேயிலைச் செடியைக் கழித்து வெட்டியவர், தோளில் கத்தி பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. லயத்தில் யாரும் அவரை அதற்காக மதிப்பதில்லை. திருவிழாவுக்குத் திருவிழா அம்மன் இறங்குவது அவர் மேல்தான். அதற்குத்தான் அந்த மரியாதை. மற்ற நாளில் "யோவ் ராமையா" என்பவனும் அன்றைக்குக் காலில் விழுவான்.

பேயைத் தேடாதீர்கள்

எங்கள் மலையில் வயசானவர்களுக்கு நோய் என்றால் படுத்துக் கிடக்க வேண்டும். எழுந்து நடமாடினால் நோய் இல்லை. பிரஷர் மாத்திரையைத் தலை வலித்தால்தான் போடுவார்கள். வலி இல்லாத நாளில் அது டப்பாவில் தூங்கும். அதுகூடப் பரவாயில்லை. "ஒனக்குக் கேட்டுச்சுல்ல? எனக்கும் ஒண்ணு குடு" என்று இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மாதிரி மாத்திரையை மாற்றிக்கொள்கிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்கு வருகிற ஆத்திரத்தில் டப்பாவையே பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கக்கூஸ் லயத்துக்குக் கீழே, வழுக்குகிற படியில் இறங்கிப் போக வேண்டும். அதற்குப் பயந்து கிழவிகள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அப்புறம் ஒரு நாள் காய்ச்சலோடு, செத்துப்போன தங்கச்சியோடு பேச ஆரம்பிப்பார்கள். வீட்டார் பேயோட்டக் கோடாங்கியைக் கூப்பிடுவார்கள். வயசானவர்கள் திடீரென்று மாற்றிப் பேசினால் முதலில் பேயைத் தேடாதீர்கள், மூத்திரத்தைச் சோதித்துப் பாருங்கள் என்று சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மாமா இந்த ரகம் இல்லை. அவர் நேர் எதிர். சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய், வந்து நாலைந்து வருஷம் ஆகிறது. கிளினிக்கில் "மாத்திரைய ஒரு நாளும் மறக்கக் கூடாது" என்று சொன்னார்கள். மாமா மறந்ததே இல்லை. காலையில் முகம் கழுவி, விபூதி பூசி, மாத்திரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போடுவார்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் விரதம். பெரிய பூசை நாளில் பூசை முடியும்வரை பச்சைத் தண்ணீரோடு சரி. "இந்த வயசுல வேணாம் மாமா. இருந்தே தீருவேன்னா அன்னைக்கு மாத்திரையப் போடாதீங்க" என்று நான் தலை தலையாய் அடித்துக்கொண்டேன்.

மாமா தலையை ஆட்டினார். மாமாவின் தலையாட்டலுக்கு எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான். நீ சொல்லிவிட்டாய், நான் கேட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

படைக்காத பானக்கம்

திரும்பவும் கோயில் வாசலுக்கு வருகிறேன்.

"மாமா, என்னயப் பாருங்க. நான் யாரு?" என்று அவர் காதோரம் கத்தினேன். அவர் பார்வை என்னைத் தாண்டிப் போனது.

"ஏய், சாமிய மாமாங்குற? தள்ளி நில்லு!" என்றார் கோயில் தலைவர். திருவிழா பொறுப்பெல்லாம் அவர் கையில்.

நான் தள்ளி நிற்கவில்லை. சந்நிதிக்குப் பக்கத்தில், படையலுக்குக் கரைத்த பானக்கம் ஒரு பெரிய அண்டா நிறைய இருந்தது. கருப்பட்டி, இஞ்சி, ஏலக்காய், புளிப்புக்குத் தேசிக்காய். ஓடிப்போய் ஒரு செம்பு மொண்டேன்.

"அடிப்பாவி! இன்னும் படைக்கலடி! ஆத்தாளுக்கு முன்ன எச்சிப் படுத்துறியே!" என்று பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. யாரோ என் சீலை முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். முந்தானை கிழிந்தது. புதுச் சீலை அது. கிழிந்தால் கிழியட்டும் என்று திமிறிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாமாவைத் தோளோடு அணைத்துக் கீழே உட்கார வைத்தேன். விழுங்குகிறாரா என்று முதலில் ஒரு மிடறு மட்டும் கொடுத்துப் பார்த்தேன். தொண்டை ஏறி இறங்கியது. அப்பாடா. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக முழுச் செம்பையும் ஊட்டிவிட்டேன். பல் கிட்டிப்போய், விழுங்க முடியாமல் கிடக்கிறவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிச் செத்துப்போவார்கள். அந்த நிலைக்கு அவர் இன்னும் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. கண் என் பக்கம் திரும்பியது.

"என்னா தாயி... சீல கிழிஞ்சிருக்கு?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கூட்டத்தில், "சாமி மலையேறிருச்சு" என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"மாமா, காலையில மாத்திர போட்டீங்களா?"

"போடாம?"

"வெறும் வயித்துலயா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பூச முடிஞ்சா பொங்கலு, பஞ்சாமிர்தம்னு இனிப்பாத் திங்கணுமேன்னு இன்னொண்ணும் சேத்துப் போட்டுக்கிட்டேன். ரெண்டா."

வருகிற இனிப்புக்கு முன்கூட்டியே மாத்திரை! ஆனால் மாமா கணக்கில் அது புத்திசாலித்தனம். இந்த மாத்திரை லேசில் விடாது. குடித்த பானக்கம் தீர்ந்ததும் சீனியை மறுபடி கீழே இழுக்கும். வயசானவர்களுக்கு ஒரு நாள் முழுக்கக்கூட இழுத்துக்கொண்டிருக்கும். இவர் இப்போதே ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்க வேண்டியவர்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

"செல்வம், த்ரீவீலரக் கூப்புடுங்க. ஒடனே போகணும்" என்றேன் புருஷனிடம்.

செல்வம் கோயில் தலைவரைப் பார்த்தார். தலைவர் மாமாவின் மணிக்கட்டைப் பார்த்தார். அதில் மஞ்சள் துண்டு கட்டிய காப்புக் கயிறு.

எங்கள் தோட்டத்து வழக்கம் இதுதான். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர், அதை அவிழ்க்கும் நாள்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் எல்லை கீழே ஆற்றுப் பாலம். ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம்.

"காப்புக் கட்டுன ஆளு எல்ல தாண்டுனா ஊருக்கே ஆகாது. ஒனக்குத் தெரியாததா?" என்றார் தலைவர்.

"ஆளு செத்தா மட்டும் ஊருக்கு ஆகுமா?"

"திருவிழா நாள்ல வாயக் கழுவு. இப்பத்தான் தெளிஞ்சு உக்காந்து பேசுறாருல்ல?"

"பேசுவாரு. கொஞ்ச நேரத்துல திரும்ப உழுவாரு. அப்ப எந்திரிக்க மாட்டாரு!" நான் போட்ட சத்தத்தில் வேட்டுப் போட நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

செல்வம் என் கையைப் பிடித்தார். "கத்தாத. நாளைக்கி மஞ்சத் தண்ணி முடிஞ்சு காப்ப அவுத்த கையோட கூட்டிட்டுப் போயிருவோம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "நாளைக்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்க மாட்டீங்க. வேற எடத்துக்குத் தூக்குவீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் செத்துப்போயிற்று. பாவம், அப்பாவா, அம்மனா என்று அந்த மனுஷன் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தது எனக்குத் தெரியாமல் இல்லை.

கடைசியில் மாமாதான் எனக்குக் கதவை அடைத்தார். "தாயி, நான் வரல. இந்தக் கோயில்ல காப்புக் கட்டி ஒருத்தனும் பாலம் தாண்டுனதில்ல. நான் தாண்டி அந்தப் பேர வாங்கிக்கட்டிக்கவா? போறதுன்னா ஆத்தா காலடியில போறேன்."

"அப்ப இன்னொரு செம்பாவது குடிங்க. ரெண்டு வாழைப்பழம் தின்னுங்க."

"அப்ப சுய நெனவு இல்ல, குடிச்சேன். இப்பத் தெரிஞ்சு எப்புடித் திங்கிறது? வெரதம்."

செம்பை வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கிக்கொண்டார். கொழும்பில் எத்தனையோ பிடிவாதக்காரர்களுக்குப் பாட்டுப் பாடியும் அதட்டியும் ஊட்டியவள் நான். மாமாவின் உதட்டை என்னால் திறக்க முடியவில்லை.

தப்பு காய்ந்த நேரம்

தூறலில் தப்பின் தோல் தொய்ந்து சத்தம் அமுங்கிவிட்டது. அடிக்கிறவர்கள் கோயிலுக்குப் பின்னால் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சப் போனார்கள். வாசலில் ஒரு சத்தமும் இல்லை. சனம் மழைக்கு ஒதுங்கி, சுடச்சுட பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்றது. நான் மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் பக்கத்தில் சின்னையா பூசாரி. அவரும் மாமாவும் தோட்டத்தில் ஒன்றாய்ப் பேர் பதிந்து வேலைக்குப் போனவர்கள். அம்மனுக்கு அடுத்தபடியாக மாமா பேச்சுக் கேட்பது அவரிடம்தான்.

மாமா ஏதோ பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு நடுவில் இடறியது. சொன்ன வார்த்தையையே திரும்பச் சொன்னார். என் பிடிக்குள் இருந்த கை ஈரமானது. தலை ஒரு பக்கம் சாய்ந்து, உடம்பு உதற ஆரம்பித்தது.

"ஆத்தா வந்துட்டா! கூப்புடு தப்புக்காரங்கள!" என்று யாரோ கூவினார்கள். மறுபடி எல்லாரும் ஓடிவந்து கைகூப்பினார்கள்.

சின்னையா பூசாரி கைகூப்பவில்லை. மாமாவின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து, ஆட்களைக் கையமர்த்தினார்.

"தப்பு எங்கடா அடிக்குது?"

சனம் கோயிலுக்குப் பின்னால் எரிந்த தீயைத் திரும்பிப் பார்த்தது.

"நான் பூச வைக்க வந்த நாளையிலருந்து பாக்குறேன். ஆத்தா தப்பு இல்லாம எறங்குனதில்ல. வருந்திக் கூப்புடாம அவ வரமாட்டா. இவனுக்கு வந்துருக்கறது அவ இல்ல." என்னிடம் திரும்பினார். "நீ சொன்னதுதான் தாயி. தூக்குங்க."

"காப்பு?" என்றார் தலைவர்.

"கட்டுனவன் நான். அவுக்கவும் எனக்குத் தெரியும்." கோயில் அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்தார். அறுத்த காப்பைச் சூலத்தில் கட்டிவிட்டு, "ஆத்தா, இவன் கடன இந்தக் காப்பு பாத்துக்கும். குத்தம்னா அது எந்தலையில" என்று சத்தமாகச் சொன்னார்.

அதைக் கேட்டதும் தலைவர்தான் முதலில் ரோட்டுக்கு ஓடினார், த்ரீவீலரை நிறுத்த.

செல்வம் அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினார். வண்டிக்குள் நான் மாமாவைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். இப்போது அவருக்கு விழுங்கவும் தெரியவில்லை. கோயிலில் எடுத்த கருப்பட்டியைத் தண்ணீரில் குழைத்துக் கன்னத்தின் உட்பக்கம் விரலால் தடவிக்கொண்டே வந்தேன். ஒரு வளைவில் அவர் மூச்சு நின்றுவிட்டது போல இருந்தது. "அப்பா, அப்பா" என்று செல்வம் அவர் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். அந்த ரோட்டில் அத்தனை குழி இருக்கிறதென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பாலத்தை எப்போது தாண்டினோம் என்று பின்னால் இருந்த மூன்று பேரில் யாரும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஏறிக்கொண்டிருக்கும்போதே மாமா கண்ணைத் திறந்தார். செல்வம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதார்.

சாமியா, சீனியா?

மறுநாள் காலையில் வார்டில் கஞ்சி வந்தது. கையில் சேலைன் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மாத்திரை உடம்பை விட்டு இன்னும் போகவில்லை, வேளைக்கு வேளை சாப்பிட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். மாமா கஞ்சியைத் தொடவில்லை. அன்றைக்குத் தோட்டத்தில் மஞ்சள் தண்ணீர். பூசை பார்க்காமல் வந்தவர், திருவிழா முடியும்வரை விரதத்தை விடமாட்டாராம்.

"சீயா, கன்ன!" என்று சிங்கள நர்ஸ் வந்து அதட்டினாள். தாத்தாவைச் சாப்பிடச் சொல்கிறாள். மாமா அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல்தான் எனக்குத் தெரியுமே.

அவள் போனதும் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"தாயி, மறைக்காமச் சொல்லு. இத்தன வருசமா எனக்கு வந்தது சாமியா, சீனியா?"

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. ராத்திரி முழுக்க இதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார், பாவி மனுஷன்.

"ஒங்களுக்குச் சீனி வந்து நாலஞ்சு வருசந்தான் மாமா. எளந்தாரியா ஆடுனீங்களே, அப்ப ஏது சீனி?"

"அப்ப அது அவதான்?"

"அவதான்."

அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது. உடனே அடுத்ததைக் கேட்டார். "அப்ப போன வருசம் வந்தது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன். பொய் சொல்லி அவரைத் தேற்ற எனக்கு மனசு வரவில்லை. அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இனிமே வந்தா எனக்கு எப்புடித் தெரியும் தாயி? யாருன்னு தெரியாம எப்புடிக் கும்புடுறது?"

"நீங்க கும்புடுங்க. நான் வாயில சீனியப் போடுறேன். அவளா இருந்தா ஒரு கரண்டி சீனிக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டா. அவளா இல்லாட்டி நீங்க பொழச்சுக்குவீங்க."

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. நான் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, ஒரு கரண்டி எடுத்து அவர் உதட்டுக்கு நேரே பிடித்தேன். முந்தின நாள் போலவே உதட்டை இறுக்கிக்கொண்டார். என் கை வலிக்க ஆரம்பித்தது. நான் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"இன்னிக்கி வெரதம்" என்றார், பல்லிடுக்கு வழியாக. "அவ கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

"மருமக ஊட்டிவிட்டான்னு சொல்லுங்க. கேக்குறதெல்லாம் எங்கிட்ட வந்து கேக்கட்டும். நான் பேசிக்கிறேன்."

மாமா வாயைத் திறந்தார்.